எண்பதாவது பாத்ரூம்

டைல்ஸ் மேஸ்திரிக்கு வயது நாற்பத்தாறு. அவருடைய முழங்கால்களுக்கு எழுபது. இந்தக் கணக்கைச் சொன்னவர் எலும்பு மருத்துவர் அல்ல, மேஸ்திரியின் மனைவி. மருத்துவருக்கு இவ்வளவு சுருக்கமாகப் பேசத் தெரியவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனாவால் அங்கே இங்கே தொட்டுக் காட்டி, கடைசியில், "இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே மண்டி போட்டு வேலை பார்த்தீங்கன்னா, அப்புறம் நான் கத்தியைத்தான் எடுக்கணும்" என்று முடித்தார்.

இருபத்து நாலு வருடம். மற்றவர்கள் நின்றுகொண்டு குளிப்பதற்காக இந்த மனிதர் மண்டி போட்டிருக்கிறார். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்குவார். யாராவது பார்த்துவிட்டால், "படி சரியில்ல" என்பார். படியும் அவர் போட்டதுதான்.

அப்படி அவர் இறங்கியதை ஒரு நாள் அவருடைய மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, கீழே நின்று பார்த்துவிட்டாள். அவள் பல்கலைக்கழகத்தில் ரோபோ செய்கிறவள். சின்ன வயதில் வீட்டில் எந்தச் சாமானையும் கழற்றிப் பார்க்காமல் விட்டதில்லை என்பதால் அவளுக்கு வாலு என்று பேர் வந்தது. முப்பத்து மூன்று வயதாகி, டாக்டர் பட்டமும் வாங்கிய பிறகும் வீட்டில் அவள் வாலுதான். அடுத்த மாதமே அவளுடைய ஆய்வுக்கூடத்தில் டைல்ஸ் பதிக்கும் கருவி ஒன்று உருவாக ஆரம்பித்தது. தட்டையான உடம்பு, ஆறு கால், முன்னால் இரண்டு கை. குறுகலான இடத்தில் பக்கவாட்டில் நகர்ந்து திரும்பும். அதனால்தான் அதற்கு நண்டு என்று பேர் வைத்ததாக எல்லோரிடமும் சொன்னாள். அக்காவும் மாமாவும் நம்பியதுபோல் நடித்தார்கள்.

ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மேஸ்திரி அங்கே போனார். கம்பி வைத்த கையுறையைப் போட்டுக்கொண்டு, மேசை உயரத்தில் கட்டிய பலகையின் மேல் நின்றபடியே டைல்ஸ் பதித்தார். பசையை அவர் சீப்புக் கரண்டியால் இழுக்கும் விதம், டைலை வைத்து லேசாக அசைக்கும் விதம், ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் யோசித்து, மூன்றாவது தட்டு தட்டும் விதம் எல்லாவற்றையும் நண்டு கற்றுக்கொண்டது. அந்த மூன்றாவது தட்டுக்கு முன்னால் அதுவும் யோசிப்பதுபோல் நிற்பதைப் பார்த்து மேஸ்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன் வாலு, நான் யோசிக்கிறதையுமா அளந்தே?"

"எல்லாத்தையும் அளந்தாச்சு மாமா. இனிமே நீங்க கொட்டாவி விட்டாலும் இதுக்குத் தெரியும்."

அவள் அப்படித்தான் நினைத்தாள். பாவம், அவரும் அப்படித்தான் நினைத்தார்.

விஷயம் இதுதான். கட்டுமான வேலைகளில் தானியங்கிக் கருவிகளும் ரோபோக்களும் என்ற தலைப்பில் ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடக்கப் போகிறது. பல நாடுகளிலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள், கட்டுரை படிக்கிறார்கள், மேடையில் கருவிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் அவற்றிலிருந்து ஒரே ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருடத்துக்குத் தன் கட்டடங்களில் வேலைக்கு விடும். நண்டு தேர்வானால் அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும். விண்ணப்பத்தில் 'இயக்குபவர்' என்ற இடத்தில் வாலு மேஸ்திரியின் பேரை எழுதியிருந்தாள். நின்றுகொண்டு பார்க்கும் வேலை. தேர்வாகாவிட்டால், அவருடைய காண்டிராக்டர் பிடித்துவைத்திருக்கும் அடுக்குமாடி வேலை திங்கட்கிழமை ஆரம்பம். எண்பது பாத்ரூம்.

"எண்பதா?" என்று மனைவி கேட்டாள். "எண்ணித்தான் சொல்றீங்களா?"

"நண்டு ஜெயிச்சா ஒண்ணுகூட இல்ல."

"ஜெயிக்கட்டும். எனக்கு உங்க காலு வேணும்."

கருத்தரங்குக்கு இரண்டு நாள் முன்னால் வாலு போன் செய்தாள். மேடையில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவில் பாத்ரூம் மாதிரி ஒரு பெட்டி கட்டியிருக்கிறார்கள், இடுப்பு உயரத்துக்குச் சுவர், அடியில் பலகை, அதன் மேல் சிமெண்டுத் தரை மட்டும் பூச வேண்டும், ஊரில் நூறு பேர் இருந்தாலும் அந்தத் தரையை நீங்கள்தான் போட வேண்டும் என்றாள். வரைபடத்தையும் அனுப்பினாள். மேஸ்திரி அதைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. நீளம், அகலம் பார்த்தார், போனைப் பைக்குள் போட்டார். பாத்ரூமுக்குத் தரை போட அவருக்கு வரைபடம் எதற்கு?

மேடைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தார். தச்சர் நேர்த்தியாகச் செய்திருந்தார். பார்வைக்கு நிஜம்போல் இருக்கட்டுமே என்று மூலையில் பலகையில் ஒரு ஓட்டை போட்டு, பளபளவென்று ஒரு வடிகால் மூடியும் வைத்திருந்தார். அடியில் குழாய் கிடையாது, ஒன்றும் கிடையாது, வெறும் ஓட்டை. மேஸ்திரி முட்டிக்குக் கீழே கோணிப்பையை மடித்துப் போட்டுக்கொண்டு இறங்கினார். கலவையைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, தேய்த்து, மூன்று மணி நேரத்தில் முடித்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். இருபத்து நாலு வருடமாகப் பாத்ரூம் தரையில் அதன் குமிழி எங்கே நிற்குமோ அங்கேயே நின்றது. திருப்தியாகக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கருத்தரங்கு நாளன்று காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டினார்கள். காதில் வைத்துக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். யார் எந்த மொழியில் பேசினாலும் கூடத்தின் பின்பக்கம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் அதைக் காதுக்குள் சொல்லிவிடுவாள். மழித்த தலையோடு ஒரு ஆஜானுபாகுவான ஆள் மேடையில் முழங்க, காதுக்குள் ஒரு மெல்லிய பெண் குரல் சாவகாசமாகப் பேசியது மேஸ்திரிக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இடைவேளையில் காபிக் கோப்பையோடு சுற்றி வந்தார். செங்கல் அடுக்கும் கருவி, கம்பி கட்டும் கருவி, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் கருவி. ஒருவர் காலில் இரும்புச் சட்டங்களைக் கட்டிக்கொண்டு நின்றார். நாள் முழுக்க நின்றாலும் கால் வலிக்காதாம். மேஸ்திரி ஆவலோடு பக்கத்தில் போனார்.

"இதைப் போட்டுக்கிட்டு மண்டி போடலாமா?"

அந்த ஆள் குனிந்து தன் காலைப் பார்த்தார். நிமிர்ந்தார். "அதைப் பத்தி இன்னும் யாரும் கேட்கல" என்றார்.

மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. புது ஆட்களைப் பார்த்தால் முதலில் செருப்பைத்தான் பார்ப்பார். அந்தக் கூடத்தில் முந்நூறு ஜோடி பளபளத்தன. ஒரே ஒரு ஜோடியின் தையலில் மட்டும் சிமெண்டுத் தூள் அப்பியிருந்தது. நரைத்த கிராப்பும் சாம்பல் சட்டையுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் ஷூ அது. "அவங்கதான் மாமா" என்று வாலு காதோடு சொன்னாள். "அந்தக் கம்பெனியோட தலைமை சூப்பர்வைசர். முடிவு அவங்க கையில."

நண்டு லாரியில் வந்து சேரவே மதியம் ஆகிவிட்டது. முழு ஒத்திகை பார்க்க நேரமில்லை. வாசல் பக்கம் ஒரு வரிசை மட்டும் ஓட்டிப் பார்த்து, எடுத்துத் துடைத்து வைத்தார்கள். தரையின் மட்டத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்று உதவியாளர் ஒருத்தி கேட்டாள். வாலு அவளை ஒரு பார்வை பார்த்தாள். "அது எங்க மாமா போட்ட தரை" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

மூன்று மணிக்கு நண்டு பெட்டிக்குள் இறங்கியது. வாலு பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். பெரிய கூடங்களுக்குக் கருவிகள் வந்துவிட்டன, குறுகலான அறைகளுக்குத்தான் இன்னும் மனிதன் மண்டி போடுகிறான் என்றபோது, அவள் கண் ஒரு நொடி மூன்றாவது வரிசையில் இருந்த மேஸ்திரியிடம் வந்து போனது. நண்டு பசையை இழுத்தது, டைலை வைத்தது, தட்டியது, தட்டியது, யோசித்தது, தட்டியது. கூடத்தில் சிரிப்பு எழுந்தது. முதல் வரிசை. இரண்டாவது வரிசை. மேஸ்திரி தன் தொடை மேல் விரலால் கூடவே தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசை. மனதுக்குள் எண்பது பாத்ரூமும் ஒன்றொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன.

நாலாவது வரிசையில் நண்டு நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. வாலு பொத்தானை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். நண்டு ஒரு டைலைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றது.

நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் எட்டிப் பார்த்தார். அவர் பேசியது மேஸ்திரியின் காதுக்குள் பெண் குரலில் வந்தது: "தரை சரியில்ல போலிருக்கே. யாரு போட்டது?"

வாலு குனிந்து ரசமட்டத்தைத் தரையில் வைத்தாள். நண்டுக்கு அவள் சொல்லிக்கொடுத்த தரை ஊசி முனை பிசகாமல் மட்டமான தரை. எந்த இடத்திலாவது பசை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனமாகப் போட வேண்டி வந்தால் நின்றுவிடு என்றும் சொல்லி வைத்திருந்தாள். ரசமட்டத்தின் குமிழி வாசல் பக்கம் ஒதுங்கி நின்றது. வாசலிலிருந்து மூலை ஓட்டையை நோக்கி, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில், தரை இறங்கிக்கொண்டே போயிருந்தது.

வாட்டம். தண்ணீர் தேங்காமல் ஓடித் தீர வேண்டும் என்று பாத்ரூம் தரைக்குக் கொடுக்கும் சரிவு. மேடையில் தண்ணீர் இல்லை, குழாய் இல்லை, குளிக்க ஆளும் இல்லை. ஆனால் மூலையில் ஒரு ஓட்டை இருந்தது. ஓட்டையைக் கண்ட கை, மேஸ்திரியை ஒரு வார்த்தை கேட்காமல் தானாக வாட்டம் கொடுத்துவிட்டது.

வாலு நிமிர்ந்தாள். மேஸ்திரியைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. தரை தவறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிவைத் தள்ளி வைத்து, பலகை மாற்றி நாளைக் காலையில் இன்னொரு வாய்ப்பு கொடுப்பார்கள். அவள் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"தரையில தப்பு இல்ல. கருவி நின்னு போச்சு. அதுக்கு நான்தான் பொறுப்பு."

மேஸ்திரி தன் கையைப் பார்த்தார். தன் கை செய்த வேலைக்கு இந்தப் பெண் முந்நூறு பேர் முன்னால் தலையைக் கொடுக்கிறாளே. ஒன்றரை வருட உழைப்பு, தன் முட்டிக்காக உழைத்த உழைப்பு, தன் கையாலேயே கெட வேண்டுமா? எழுந்தார். எழுவது அவருக்கு நாலு கட்டமாக நடக்கும் காரியம். முன் நாற்காலியைப் பிடித்து, இடது காலை ஊன்றி, மூச்சை இழுத்து, வலது காலைச் சேர்த்து. அதற்குள் முக்கால்வாசிக் கூடம் திரும்பிப் பார்த்துவிட்டது.

"தரை நான் போட்டதுங்க" என்றார். யாரோ ஒலிவாங்கியைக் கையில் திணித்தார்கள். "வரைபடத்துல மட்டமா கேட்டிருந்தாங்க. நான்தான் சரியா பார்க்காம கோணலா போட்டுட்டேன். தப்பு என்னோடது. மெஷின் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

கண்ணாடி அறைக்குள் அந்தப் பெண் இதைச் சொல்லி முடிக்கும் வரை கூடம் காத்திருந்தது. தான் போட்ட தரை கோணல் என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. காது சூடாகிவிட்டது. ஆனாலும் நிம்மதியாக இருந்தது. இத்தோடு உட்கார்ந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

சாம்பல் சட்டை அம்மா திரும்பினார். "எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கீங்க?"

"இருபத்து நாலு வருஷமுங்க."

"அதுல எத்தனை பாத்ரூம் தரையை மட்டமா போட்டிருப்பீங்க?"

நூறு என்று சொல்லியிருக்கலாம். ஐந்து என்றாவது சொல்லியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

"பாத்ரூமை எப்படீங்க மட்டமா போடுறது?" என்றார் மேஸ்திரி. "தண்ணி எங்க போகும்?"

கூடம் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுந்து மேடைக்கு வந்து, "காட்டுங்க" என்றார். மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை யாரோ கொடுத்தார்கள். மேஸ்திரி மேடை ஏறி, பெட்டிச் சுவருக்கு வெளியே நின்றபடியே, நண்டின் டைல்ஸ் முடிந்த இடத்துக்கு அப்பால் சிமெண்டுத் தரையில் தண்ணீரைச் சாய்த்தார். தண்ணீர் தயங்கவில்லை, பிரியவில்லை, வழியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. நேராக மூலைக்குப் போய், ஓட்டையில் இறங்கி, அடியில் குழாய் இல்லாததால் மேடைக்குக் கீழே விரித்திருந்த கம்பளத்தில் சொட்டியது. முந்நூறு பேரும் கை தட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

அவர் போட்ட தரைக்கு யாரும் எந்தக் காலத்திலும் கை தட்டியதில்லை. ஏன் பொய் சொல்ல வேண்டும், ஒரு நொடி அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு வாலுவின் முகத்தைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்து அவருக்கும் புரிந்தது. பாத்ரூமுக்கென்று செய்த கருவிக்கு வாட்டம் தெரியாது. உலகத்தில் உள்ள எந்த உருப்படியான பாத்ரூமிலும் அது நாலாவது வரிசையில் நின்றுவிடும். அதைத்தான் அவர் இவ்வளவு விளக்கமாக, தண்ணீர் ஊற்றி, எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். பெயிண்ட் அடிக்கும் கருவி தேர்வாகியிருந்தது.

கூடத்தின் பின்பக்கம் லாரி நிற்கும் இடத்தில் நண்டைத் தகரப் பெட்டிக்குள் இறக்கி வைத்தார்கள். உதவியாளர்கள் போன பிறகு வாலு அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். மேஸ்திரி சுவரில் சாய்ந்து நின்றார். உட்கார்ந்தால் எழ வேண்டுமே.

"ஒன்றரை வருஷம் மாமா. ஒரு ஞாயித்துக்கிழமைகூட விடாம வந்தீங்க. ஒரு தடவையாவது வாட்டம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுன்னு இல்ல வாலு. அது எனக்குத் தெரியும்கிறதே எனக்குத் தெரியல. உன் பலகையில ஒரு ஓட்டை இருந்திருந்தா, கை தானா காட்டிக் கொடுத்திருக்கும்."

"நான் கையை அளந்தேன். ஓட்டையை வைக்கல." அவள் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டாள். "சரி, அதை விடுங்க. நான்தான் என் தலையில போட்டுக்கிட்டேன்ல? நீங்க ஏன் எழுந்திரிச்சீங்க?"

"நீ போட்டுக்குவே. நான் கால் மேல கால் போட்டுக்கிட்டுப் பார்க்கணுமா?"

"கால் மேல கால் போட உங்களால முடியுமா முதல்ல?" என்று கேட்டவள், அப்படியே அழுதுவிட்டாள். "அந்த முட்டிக்காகத்தான் மாமா இதெல்லாம். வேற எதுக்கு?"

"தெரியும்" என்றார் மேஸ்திரி. அவள் தலையில் கை வைத்து இரண்டு தட்டு தட்டினார். கொஞ்சம் நிறுத்தி, மூன்றாவது தட்டு தட்டினார். அவள் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள்.

அப்போதுதான் சிமெண்டுத் தூள் ஒட்டிய ஷூ படி இறங்கி வந்தது. அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"எங்க கட்டடம் ஒண்ணுல திங்கட்கிழமை டைல்ஸ் ஆரம்பிக்கிறாங்க. எண்பது பாத்ரூம். அஞ்சு மாசம் ஆகும். அதுக்குள்ள உங்க கருவி சரிவைக் கத்துக்கிட்டா, கடைசி பாத்ரூமை அதுக்கு விடுறேன். நானே வந்து தண்ணி ஊத்திப் பார்ப்பேன். ஒரு சொட்டு நிக்கக் கூடாது. நிக்கலன்னா அடுத்த கட்டடம் முழுக்க உங்களுக்கு. இருநூறு." மேஸ்திரியைப் பார்த்தார். "அந்தக் கட்டடத்துக் காண்டிராக்டர்கிட்ட சொல்லி, நீங்க அங்க இந்தம்மாகூட இருக்க ஏற்பாடு பண்ணணுமா?"

"வேண்டாங்க" என்றார் மேஸ்திரி. "அது எங்க காண்டிராக்டர் எடுத்த வேலைதான். அந்த எண்பதும் நான் போடப் போறதுதான்."

அந்த அம்மா போன பிறகு வாலு தகரப் பெட்டி மேல் விரலால் கணக்குப் போட்டாள். அவள் என்ன கூட்டிக் கழிக்கிறாள் என்று மேஸ்திரிக்குத் தெரியும். நண்டு கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஒருவர் மண்டி போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த ஒருவர் வேறு யாருமில்லை.

வீட்டில் மனைவி நடந்ததை முழுக்கக் கேட்டாள். சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அவருடைய வலது முட்டியில் வைத்து அழுத்தினாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். "நம்ம வீட்ல ஆடறவளும் நல்லாத்தான் ஆடறா. கூடமும் நல்லாத்தான் இருக்கு. ஆட்டம் மட்டும் நின்னு போச்சு."

"நிக்கல. தள்ளிப் போயிருக்கு."

"எண்பது பாத்ரூம் தள்ளியா?" அவள் குரல் உடைந்தது. துணியை இடது முட்டிக்கு மாற்றினாள்.

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி கட்டடத்துக்குப் போனபோது, ஆறாவது மாடியில் முதல் பாத்ரூம் வாசலில் வாலு நின்றுகொண்டிருந்தாள். பழைய சட்டை, தலையில் துணி, கையில் சிமெண்டு பூசும் கரணை. தோளில் அளவுக் கருவிகள் வைத்த பை.

"நீ எதுக்கு? கையுறையைக் கொடு, நான் போட்டுக்கிறேன்."

"கையுறை போட்டு ஒன்றரை வருஷம் ஏமாந்தாச்சு. உங்களுக்கே தெரியாம இன்னும் என்னென்ன வெச்சிருக்கீங்களோ, யாரு கண்டா? கூட உட்கார்ந்து நானும் போட்டாத்தான் தெரியும்."

சொன்னால் கேட்கிற ஜாதியா அவள்? மேஸ்திரி கோணிப்பையை இரண்டாக மடித்து அவளுக்குக் கொடுத்தார். தனக்கு வேறு ஒன்றை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மண்டி போட்டார்கள்.

அன்றைக்கு அவள் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. வாசல் பக்கம் ஏன் ஒரு விரல் அதிகம் உயர்த்தினீர்கள்? தண்ணீர் வெளியே வரக் கூடாது. சுவரோரம் ஏன் இன்னும் கொஞ்சம்? சுவர் ஈரம் குடிக்கக் கூடாது. ஓட்டைக்குப் பக்கத்து டைலை ஏன் குறுக்கே வெட்டினீர்கள்? நாலு பக்கத் தண்ணீரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும், டைல் மடங்காதே. ஒவ்வொன்றையும் அவள் அளந்தாள், எழுதினாள், பிறகு தன் கையால் செய்து பார்த்தாள். முதலில் அவள் பூசியதைப் பார்த்து, "இதுல தண்ணி ஊத்தினா மீன் வளர்க்கலாம்" என்றார். பிரித்து மறுபடி பூசினாள். மதியத்துக்குப் பிறகு அவளுடைய கேள்விகள் குறைந்தன. பிறகு நின்றே போயின. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு முட்டியிலிருந்து இன்னொரு முட்டிக்குப் பாரத்தை மாற்றி மாற்றி, ஓட்டை வரைக்கும் வந்து சேர்ந்தாள்.

மேஸ்திரி நாலு கட்டமாக எழுந்து நின்றார். ஒரு குவளை தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றினார். அவர் போட்ட பாதியிலும் அவள் போட்ட பாதியிலும் தண்ணீர் ஓடி, மூலையில் சேர்ந்து இறங்கிப் போனது. இந்தத் தடவை அடியில் குழாய் இருந்தது.

"தேறிட்டே. எழுந்திரு."

வாலு எழவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றினாள், எழ முயன்றாள், மறுபடி மண்டியில் விழுந்தாள். இன்னொரு தடவை முயன்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் மட்டும் வந்த கண்ணீர் இல்லை அது.

"ஒரு நாள்தான் மாமா ஆச்சு" என்றாள். "ஒரே ஒரு நாள். நீங்க எப்படி..." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் எழுபத்தொம்போது இருக்கு."

மேஸ்திரி அவளிடம் கையை நீட்டினார்.

"எழுபத்தெட்டு" என்றார். "கடைசி ஒண்ணு நண்டோடது."